சோற்றை விடவில்லை, அளந்தேன்

எடை குறைக்க முதலில் கைவைத்தது சோற்றில்தான். ஒரே வாரத்தில் 2 கிலோ இறங்கியது. பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்து குறைந்தால் உடலில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) கரையும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் போகும். பழையபடி சாப்பிட்டதும் திரும்பிவிடும். சப்பாத்திக்கு மாறியும் பலனில்லை: 100 கிராம் அரிசியோ கோதுமை மாவோ, ஏறத்தாழ 350 கலோரிதான்.

கைகொடுத்தது தராசு. ஒருவேளைக்கு 60 கிராம் அரிசி. வெந்தால் 170 கிராம் போல வரும். கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள், கரண்டிக்குக் கரண்டி அளவு வேறு. தட்டில் பாதி இடத்துக்குப் பொரியலும் கூட்டும், அடுத்து கெட்டிப் பருப்போ 2 முட்டையோ, கடைசியில்தான் சோறு. சோற்றை முதலில் போட்டால் குழம்புக்காக இன்னொரு கை சோறு கேட்கும்.

எண்ணெய்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுவது. ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. பாட்டிலைச் சரித்துத் தாளித்தால் இரண்டு மூன்று கரண்டி சாதாரணமாக விழும். 5 மில்லி தேக்கரண்டியை எண்ணெய்த் தூக்கிலேயே போட்டு வையுங்கள்.

முழுதாக விட்டது காபியில் சர்க்கரை மட்டும். 4 டம்ளர், தலா 2 தேக்கரண்டி என்றால் 160 கலோரி, வயிறும் நிறையாது. வாரம் அரைத் தேக்கரண்டி குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கவே கூடாது. மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.