வாசல் தண்ணீர் ஆற்றுக்குப் போகும் முன்

தெருவோரம் ஓடும் மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் இரண்டும் வேறு வேறு. பாதாளச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதற்காகப் போட்டது. மழைநீர் வடிகாலுக்கு அப்படி எந்த நிலையமும் இல்லை. அதில் விழுவது அப்படியே கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய், கடைசியில் கடலில் கலக்கிறது. அதனால் நம் வீட்டு அழுக்கை வாசலிலேயே நிறுத்தியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

படி 1: மஞ்சள் தண்ணீர் சோதனை

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி மஞ்சள்தூளைக் கரைத்து, துணி துவைக்கும் மெஷின் தண்ணீர் வெளியேறும் குழாயில் ஊற்றுங்கள். இன்னொருவர் காம்பவுண்டுக்குள் இருக்கும் சாக்கடைச் சேம்பரின் மூடியைத் திறந்து பார்க்கட்டும். மஞ்சள் அங்கே வந்தால் சரி. சேம்பரில் வராமல் மதிலுக்கு வெளியே தெருவடிகாலில் வந்தால், சோப்புத் தண்ணீர் தினமும் ஆற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். பிளம்பரை அழைத்துக் குழாயைச் சேம்பருக்கு மாற்றச் சொல்லுங்கள். சமையலறை, குளியலறைக் குழாய்களையும் இதேபோல ஒவ்வொன்றாகப் பாருங்கள். தெருவில் உள்ள மூடிகளை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம், ஆபத்து.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. மொட்டை மாடி மழைக்குழாயைச் சிலர் சாக்கடைச் சேம்பரில் இணைத்துவிடுகிறார்கள். பெருமழையில் அத்தனை தண்ணீரையும் சாக்கடை தாங்காது. மூடி வழியாகப் பொங்கித் தெருவுக்கு வந்து, அந்தக் கழிவு மழைநீர் வடிகாலிலேயே இறங்கும். அந்த இணைப்பையும் பிரித்துவிடுங்கள்.

படி 2: கழுவாதீர்கள், பெருக்குங்கள்

பல மாதத் தூசியையும் சருகையும் அடித்துக்கொண்டு போவது முதல் மழைதான். அதற்கு முன் மொட்டை மாடியையும் வாசலையும் பெருக்கி, அள்ளிக் குப்பையில் போடுங்கள். குழாயைப் பிடித்து அடித்தால் அழுக்கு வடிகாலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். வீட்டு வேலைக்காகத் தெருவில் மணலோ ஜல்லியோ கொட்டியிருந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் செங்கல் வையுங்கள்.

படி 3: எண்ணெய்

பைக் நின்ற இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும்போது நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மின்னும், பார்த்திருப்பீர்கள். இன்ஜின் ஆயில் அது. சொட்டும் இடத்தில் மரத்தூளோ மணலோ தூவி, ஊறியதும் அள்ளிவிடுங்கள். வண்டியை மண் தரையில் நிறுத்தி, வாளித் தண்ணீரில் கழுவுங்கள். பொரித்த எண்ணெய், பெயின்ட் பிரஷ் அலசிய தண்ணீர், சிமென்ட் சட்டி கழுவிய தண்ணீர் எதையும் தெருவடிகாலில் ஊற்றக் கூடாது.

படி 4: உறிஞ்சு குழி

1,000 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,850 லிட்டர் தண்ணீர் விழுகிறது. தெருவுக்கு விட்டால் போகிற வழியில் உள்ள அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு போகும். மண்ணுக்குள் விட்டால் நம் கிணற்றுக்கே லாபம். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, அடியில் உடைந்த செங்கல், அதற்கு மேல் ஜல்லி, மேலே மணல் நிரப்பி மழைக்குழாயை அதில் விடுங்கள். அஸ்திவாரத்தையும் செப்டிக் டேங்கையும் விட்டுத் தள்ளியே வெட்ட வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமானது. அதனால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு குழி இருக்கலாம். பல வீடுகளில் அது களிமண்ணால் அடைத்துப்போய்க் கிடக்கிறது. மேல்மணலை அரையடி சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணல் போடுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் ஜல்லி வரை எடுத்து அலச வேண்டும்.

படி 5: மழை பெய்யும்போது

முதல் பெருமழையில் குடையோடு வாசலுக்குப் போய், உங்கள் வீட்டிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பாருங்கள். நுரை இருந்தால் படி 1-ஐ மறுபடி செய்யுங்கள். செம்மண் கலங்கல் வந்தால், மண் அரித்துப்போகும் இடத்தில் அருகம்புல் வையுங்கள். தெருவடிகாலில் மழையில்லாத நாளிலும் கறுப்பாகத் தண்ணீர் ஓடினால், யாரோ கழிவுநீரை அதில் விடுகிறார்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லுங்கள்.