ஹெட்ஃபோன் திருத்தத்தை மாஸ்டரில் போடாதீர்கள்

ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்கிறீர்களா? ஹெட்ஃபோனின் ஒலிக் குறையைச் சமன் செய்யும் திருத்த ஈக்யூவை (ஈக்குவலைசர்), எல்லா ட்ராக்குகளும் சேரும் மாஸ்டர் ட்ராக்கில் போடாமல், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் மானிட்டரிங் எஃப்எக்ஸில் போடுங்கள். ஹெட்ஃபோன் திருத்தங்களைத் தரும் ஆட்டோஈக்யூ தளத்தில் உங்கள் மாடலுக்கான கன்வல்யூஷன் கோப்பு (திருத்தத்தை அடக்கிய ஒலிக்கோப்பு) இலவசம். அதை ரீப்பருடனே வரும் ரியாவெர்ப் ப்ளகினில் ஏற்றி, ட்ரை ஒலியை (திருத்தம் படாத மூல ஒலி) முழுதாகக் குறைத்துவிடுங்கள். கோப்பின் சாம்பிள் ரேட்டும் (நொடிக்கு எத்தனை மாதிரிகள் என்ற அளவு) ப்ராஜெக்ட்டின் ரேட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

ஒவ்வொரு ஹெட்ஃபோனும் சில ஒலிகளைத் தூக்கும், சிலவற்றை அமுக்கும். பேஸ் குறைவாகக் கேட்டால் நாம் கூட்டிவிடுவோம், அப்புறம் காரில் அது குமுறும். திருத்தம் இதைத்தான் சமன் செய்கிறது. மானிட்டரிங் எஃப்எக்ஸ் நம் காதுக்கு மட்டும். ரெண்டர் ஆகும், அதாவது இறுதியாக வெளிவரும் கோப்பில் சேராது. மாஸ்டரில் போட்டு, அணைக்க மறந்தால் பாட்டே கெட்டுவிடும். பெங்களூரு அல்சூரில் ஒற்றை அறையில், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் ராத்திரியில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய உதவி.

விண்டோஸில் கணினி ஒலி முழுதுக்கும் ஈக்யூ போடும் ஈக்குவலைசர் ஏபிஓ மென்பொருளும் நல்லதுதான், ஆனால் விண்டோஸின் ஒலி அமைப்பைத் தாண்டி நேரே ஆடியோ கருவிக்கு ஒலியை அனுப்பும் ஆசியோ டிரைவர் வழியாகப் போகும் ஒலியை அது தொடாது. காது மெத்தை தேய்ந்துபோன ஹெட்ஃபோனுக்கு எந்தத் திருத்தமும் சரியாகப் பொருந்தாது. ஸ்டீரியோ அகலத்தை ஈக்யூவால் சரிசெய்ய முடியாது. அதற்கு ஒருமுறையாவது ஸ்பீக்கரில் கேளுங்கள்.