ஐந்து விழுக்காடு மாங்கனீஸ் காந்தமாகுமா? மடிக்கணினியில் செய்து பார்ப்போம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். முக்கோணக் கணக்கில் நட்டிருக்கிறார்கள். எந்த மரத்தடியில் நின்றாலும் சுற்றிலும் ஆறு மரங்கள். காலியம் ஆர்செனைடு படிகத்தின் ஓர் அடுக்கில் காலியம் அணுக்களும் இப்படித்தான் நிற்கின்றன. மேலடுக்கில் மூன்று, கீழடுக்கில் மூன்று சேர்த்தால் அண்டை இடங்கள் 12.

இந்த அரைக்கடத்தி தானாகக் காந்தமாகாது. காலியம் இருக்கும் சில இடங்களில் மாங்கனீஸைப் புகுத்தினால் ஆகும். 110 கெல்வின் வரை அந்தக் காந்தம் நிலைப்பதை 1998-இல் ஜப்பானிய இயற்பியலாளர் ஹிடெயோ ஓனோ எழுதினார். அதை மடிக்கணினியில் பார்க்க நமக்குப் பைத்தான் நிரல்மொழியும் அதன் எண்கணக்குத் தொகுப்பான நம்பையும் போதும்.

முதலில் படிகம். அலகு என்பது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கனசதுரம். பக்கத்துக்கு 10 அலகு, அலகுக்கு 4 காலியம் இடம்: மொத்தம் 4000. குலுக்கலில் 200 இடங்களை எடுத்து மாங்கனீஸ் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதன் காந்தத் திசையைக் காட்டும், நீளம் 1 உள்ள ஓர் அம்பு. திசை எதுவானாலும் சரி. இடங்கள் கடைசிவரை அசையக்கூடாது, அம்புகள் மட்டுமே திரும்பும். ஒரு விளிம்பை எதிர் விளிம்போடு இணைத்துவிடுங்கள்.

அடுத்தது பிணைப்பு: பிணைந்த இரண்டு அம்புகள் ஒரே திசையில் நின்றால் ஆற்றல் குறையும், எதிரெதிரே நின்றால் கூடும். இங்கே நிதானம் வேண்டும். முதல் ஓட்டத்தில் ஒட்டி நிற்கும் மாங்கனீஸ் இணைகளுக்கு மட்டும் வலிமை 1 கொடுங்கள். ஒவ்வோர் அம்பும் மற்றவற்றின் சராசரியை மட்டுமே உணர்வதாகக் கொள்ளும் சராசரிப்புலக் கணக்குப்படி 12 × 0.05 ÷ 3, அதாவது (கெல்வினில் அல்ல, பிணைப்பு வலிமையை 1 எனக் கொண்ட அளவில்) 0.2 வெப்பநிலைக்குக் கீழே காந்தம் வந்தாக வேண்டும். வராது. 0.95-ஐ 12 முறை பெருக்கினால் 0.54, பாதிக்கும் மேற்பட்ட மாங்கனீஸுக்கு அண்டையில் துணையே இல்லை. இருபது மரத்துக்கு ஓர் ஆள் நின்று, குரல் அடுத்த மரம்வரைதான் கேட்குமென்றால் தோட்டத்தின் மறுகோடிக்குச் செய்தி எப்படிப் போகும்? அண்டை வழியாகவே போக ஏறக்குறைய 20 விழுக்காடு மாங்கனீஸ் வேண்டும்.

உண்மைப் பொருளில் செய்தியைச் சுமப்பவை துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள். மாங்கனீஸே அவற்றைத் தருகிறது. அவை அலைந்து தூரத்து அம்புகளையும் இணைக்கின்றன. ஆகவே இரண்டாம் ஓட்டத்தில் வலிமை தூரத்தோடு அடுக்குக்குறியாகத் தேயட்டும். தேய்வு நீளத்தை 0.4 நானோமீட்டரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அம்பைத் திருப்புவது 1953-ஆம் ஆண்டின் மெட்ரோபோலிஸ் முறை. ஓர் அம்புக்குப் புதுத் திசை கொடுங்கள். ஆற்றல் குறைந்தால் ஏற்பு. கூடினால், கூடுதலை வெப்பநிலையால் வகுத்து, எதிர்க்குறியோடு அடுக்கேற்றுங்கள். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட குலுக்கல் எண் அதைவிடச் சிறியதானால் ஏற்பு. ஓடவிட்டுப் பசியாறிவிட்டு வரலாம்.

கடைசியில் எல்லா அம்புகளையும் திசையோடு கூட்டிச் சராசரி எடுத்து, அந்தச் சராசரி அம்பின் நீளத்தை அளக்கவேண்டும். தொடக்கச் சுற்றுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிக வெப்பத்திலும் எனக்கு 0.07 வந்துகொண்டே இருந்தது. காந்தம் மிச்சமிருக்கிறது என்று இரண்டு நாள் நம்பினேன். 200 அம்புகள் தாறுமாறாக நின்றாலே அவ்வளவு வரும். பக்கத்துக்கு 20 அலகு வைத்து 1600 மாங்கனீஸ் போட்டபோது அது 0.023-க்கு இறங்கியது. அதனால் இரண்டு அளவிலும் ஓட்டுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் பத்துக் குலுக்கலாவது எடுத்துச் சராசரி பாருங்கள்.