லெப்டொப் கிராபிக்ஸ் கார்ட் எத்தனை வருஷம் தாங்கும்?

அட்டனிலோ பண்டாரவளையிலோ லெப்டொப் வாங்கப் போகும் தம்பி தங்கச்சிமார் முதலில் பார்க்க வேண்டியது கார்டின் மெமரியை. லெப்டொப்பில் கார்ட் போர்டோடு ஒட்டியே வருவதால் பிறகு மாற்ற வழியில்லை. 2021இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டில் பெரும்பாலும் 4 ஜிபிதான், புதிய பெரிய கேம்களுக்கு அது இப்போதே போதவில்லை. 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060இல் 8 ஜிபி இருக்கிறது. என் கணக்கில் 8 ஜிபி கார்ட் 1080பி திரையில் நாலைந்து வருஷம் நிம்மதியாக ஓடும், பழைய கேம்கள் மட்டும் என்றால் இன்னும் கூட.

கேம் திக்கித் திக்கி ஓடினால் டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ மெமரியை, அதாவது கார்டின் மெமரியைப் பாருங்கள். நிரம்பியிருந்தால் கேம் செட்டிங்ஸில் முதலில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரம்) ஒரு படி இறக்குங்கள், அப்புறம் நிழல், அதுவும் போதாவிட்டால் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆரை (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதிகள்) குவாலிட்டி மோடில் போடுங்கள். சார்ஜரைக் கழற்றி விளையாடினால் கார்டுக்குப் போகும் வாட் குறைந்துவிடும், அதை வைத்து கார்ட் பழசாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

நுவரெலியா குளிர் கார்டுக்கு நல்லதுதான், ஆனால் லயத்து வீட்டில் விறகடுப்புப் புகை இருக்கிறதே, அந்தக் கரி தூசியோடு சேர்ந்து ஃபேனில் பிசுபிசுவென்று படிந்துவிடும், சூடு ஏறும், கார்ட் தானாக வேகத்தைக் குறைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துப்புரவு செய்யுங்கள். பின்னேரத்தில் இடி இடித்தால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.