‘கூல் ஹேண்ட் லூக்’: ஒரு சிறைப் படத்தில் எதிர்ப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

சிறைப் படம் என்றாலே மதில் ஏறிக் குதிப்பதும் வார்டனின் சட்டையைப் பிடிப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஈரோட்டில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து பழைய படங்கள் பார்க்கிறோம். புதிதாக வருபவர்கள் அடிக்கடி சொல்வது இதுதான்: “படம் பிடிச்சிருக்குங்க, ஆனா அதைப் பத்தி என்ன பேசறதுன்னு தெரியலைங்க.” அவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். எடுத்துக்கொள்ளும் படம் 1967-இல் வந்த ‘கூல் ஹேண்ட் லூக்’. இயக்கம் ஸ்டூவர்ட் ரோசன்பெர்க், லூக்காக பால் நியூமன். முடிவு வரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன், அதனால் முதல் படியை முடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

படி 1: நிறுத்தாமல் ஒருமுறை பாருங்கள்

இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். குறிப்பு எடுக்க வேண்டாம், போனை அடுத்த அறையில் வையுங்கள். கதை எளிது. குடிபோதையில் பார்க்கிங் மீட்டர்களின் தலையை அறுத்த ஒரு முன்னாள் போர்வீரனுக்கு இரண்டு ஆண்டு தண்டனை. அமெரிக்காவின் தென்பகுதியில், சாலையோரம் புல் வெட்டும் கைதிகள் முகாமுக்கு வருகிறான். மூலக்கதையை எழுதிய டான் பியர்ஸ் ஃபுளோரிடாவில் அப்படி ஒரு முகாமில் தண்டனை அனுபவித்தவர். முகாமின் அன்றாட விதிகள் படத்தில் அவ்வளவு நுணுக்கமாக வருவதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

படி 2: நோட்டில் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள்

இரண்டாம் முறை பார்க்கும்போது இது வேண்டும். முதல் பத்தியில் ‘கட்டளை’, இரண்டாவதில் ‘லூக்கின் பதில்’, மூன்றாவதில் ‘மற்றவர்கள் முகம்’. புதியவர்கள் மூன்றாவதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். படத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

படி 3: அனுமதி கேட்கும் இடங்களைக் குறியுங்கள்

சட்டையைக் கழற்றவும் கைதி சத்தமாக அனுமதி கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும் “பாஸ்” என்று சேர்க்க வேண்டும். இரவு எந்தக் கட்டிலில் படுப்பது, தவறினால் ‘பெட்டி’ எனும் குறுகிய மர அறையில் எப்போது அடைப்பது என்று எல்லாமே வந்த அன்றே அறிவிக்கப்படுகிறது. இந்தச் சின்ன விதிகளைப் பட்டியலிட்டால்தான் லூக் எதை மீறுகிறான் என்று புரியும். காட்ஃப்ரே என்ற காவலரையும் கவனியுங்கள். எதிரே இருப்பதைப் பிரதிபலிக்கும் குளிர்கண்ணாடியைக் கழற்றவே மாட்டார், வாயும் திறக்க மாட்டார். கேமரா அந்தக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் போகும்போது அவர் கண் தெரியாது, எதிரே இருப்பதுதான் தெரியும்.

படி 4: எதிர்ப்பு மாதிரியே தெரியாத எதிர்ப்பைப் பிடியுங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். முதல் உதாரணம், தார் ரோடு போடும் காட்சி. சித்திரை வெயிலில் பெருந்துறைப் பக்கம் சாலைப்பணி நடப்பதை நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சூட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லூக் திடீரென்று வேகமெடுக்கிறான், மண் அள்ளிப் போடுகிறான், மற்றவர்களும் தொற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். பொழுது இருக்கும்போதே வேலை முடிந்துவிடுகிறது. எந்தக் கட்டளையும் மீறப்படவில்லை, சொன்ன வேலைதான் நடந்தது. ஆனால் காவலர்கள் திகைத்து நிற்கிறார்கள், ஏனென்றால் வேகத்தைத் தீர்மானித்தது அவர்கள் இல்லை. மூன்றாம் பத்தியில் கைதிகளின் சிரிப்பை எழுதுங்கள். என்னைக் கேட்டால் படத்தின் உண்மையான கலகம் இதுதான்.

இரண்டாவது, முட்டைப் பந்தயம். ஒரு மணி நேரத்தில் ஐம்பது முட்டை. நாமக்கல்லில் ஒரு அட்டைக்கு முப்பது முட்டை என்று கணக்கு. ஓர் அட்டையைத் தீர்த்துவிட்டு அடுத்ததிலும் பாதிக்கு மேல் காலி செய்வதாக நினைத்துப் பாருங்கள். அதனால் யாருக்கும் விடுதலை கிடைக்காது. ஆனாலும் மொத்த முகாமும் பந்தயம் கட்டி அவனைச் சுற்றி நிற்கிறது. ஜெயித்ததும் எல்லோரும் போய்விட, கைகளை விரித்தபடி மேசைமேல் தனியாகக் கிடக்கிறான். சிலுவையில் அறைந்தது போன்ற அந்தக் கிடையை மட்டும் குறித்துக்கொண்டு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அவனை அப்படியே விட்டுப் போன ஆட்களையும் எழுதுங்கள்.

படி 5: அதிகாரம் நல்ல முகத்தோடு பேசும் இடங்கள்

லூக்கின் அம்மா இறந்த செய்தி வருகிறது. துக்கத்துக்கு ஓடிவிடுவான் என்று முன்கூட்டியே பெட்டியில் அடைக்கிறார்கள். அடைக்கும் காவலர் வருத்தத்தோடு, இது என் வேலை, புரிந்துகொள் என்கிறார். வேலை என்று சொல்வதால் அது சரியாகிவிடாது என்று லூக் பதில் சொல்கிறான். இந்த இடத்தில் நிறுத்தி, இருவர் முகத்தையும் பாருங்கள். அடி வாங்கும் காட்சிகளைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது. எழவுக்குப் போவதைத் தடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

படி 6: உடையும் இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

இரண்டாம் முறை தப்பிப் பிடிபட்ட பிறகு அவனைப் பள்ளம் தோண்டச் சொல்கிறார்கள். தோண்டியதும் இன்னொரு காவலர் வந்து, மண்ணை ஏன் இங்கே போட்டாய், மூடு என்கிறார். மறுபடி தோண்டு, மறுபடி மூடு. கடைசியில் லூக் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறான். இதற்குக் கொஞ்சம் முன்னால், அவன் தட்டில் மலைபோல் குவித்த சோற்றை ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துத் தின்று காப்பாற்றிய அதே கைதிகள், இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது உடையாத ஒருவன், லூக் என்ற மனிதன் இல்லை. இந்தப் படம் அதிகாரத்தை மட்டும் குற்றம் சொல்லவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

படி 7: நம் படம் ஒன்றோடு வைத்துப் பாருங்கள்

1961-இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ இதற்குப் பொருத்தம். பி. ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி வ.உ.சி.யாக நடித்திருப்பார். காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் கோவை மத்திய சிறையில்தான் வ.உ.சி. செக்கிழுத்தார். 1908-இல் கைதானவர் 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். படத்தின் செக்குக் காட்சிக்கும் அதே மூன்று பத்தி போடுங்கள். வ.உ.சி.க்குக் கப்பல் கம்பெனி இருந்தது, சுதேசி இயக்கம் இருந்தது, எதற்காகத் தண்டனை என்று ஊருக்கே தெரியும். லூக்குக்குக் கொள்கை எதுவும் கிடையாது, மீட்டரை ஏன் அறுத்தான் என்பதற்கே ஒழுங்கான காரணம் சொல்ல மாட்டான். யார் எதிர்ப்பு பெரியது என்று மதிப்பெண் போட வேண்டாம். காரணம் உள்ளவனைத் தண்டிக்கும்போது அதிகாரம் என்ன பேசுகிறது, காரணமே சொல்லாதவனிடம் என்ன பேசுகிறது என்று மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 8: பத்தே பத்து வரி எழுதுங்கள்

நமக்குள் தொடர்பு அறுந்துபோயிருக்கிறது என்று முகாம் தலைவர் லூக்கை அடித்துவிட்டுச் சொல்லும் புகழ்பெற்ற வசனம் இருக்கிறதே, அதையே கடைசியில், மறுபடி தப்பி ஓடி ஒளிந்த தேவாலயத்தின் ஜன்னலில் நின்று லூக் திருப்பிச் சொல்கிறான். காட்ஃப்ரே சுடுகிறார். முதல் கட்டுரைக்கு இந்த ஜன்னல் காட்சியை எடுக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நோட்டில் மூன்றாம் பத்தி எந்தக் காட்சிக்கு நிறைய நிரம்பியிருக்கிறதோ அதை எடுங்கள். என்ன உத்தரவு, லூக் என்ன செய்தான், பக்கத்தில் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று அந்த வரிசையிலேயே பத்து வரி எழுதுங்கள். ‘புரட்சி’, ‘சுதந்திரம்’ போன்ற சொற்கள் வந்திருந்தால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் திரையில் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். அப்புறம், படம் பார்க்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் “அப்புறம் என்னங்க ஆச்சு?” என்று கேட்டால் பதினோராவது வரியை எழுதலாம்.