லிட்டரரி ஏஜென்டுக்கு க்வெரி லெட்டர் எழுதுறது எப்படி

உங்க புக்கைப் பதிப்பகத்துக்கு வித்துக் கொடுக்குறவர்தான் லிட்டரரி ஏஜென்ட், அவரை உங்க புக்கை எடுத்துக்கச் சொல்லி எழுதுற அறிமுகக் கடிதம்தான் க்வெரி லெட்டர். அதுக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான், ஏஜென்ட் அதைப் படிச்ச கையோட சாம்பிள் பக்கங்களையும் படிக்கணும். முழுக்கதையையும் முடிவு வரைக்கும் சொல்றதுக்கு சினாப்சிஸ் தனியா இருக்கு, அதை இங்க இழுக்காதீங்க. 250ல இருந்து 350 வார்த்தை, அதுக்கு மேல போனா வெட்டுங்க.

நாவல்னா முழுசா எழுதி, திருத்தி முடிச்சுட்டு அப்புறம் அனுப்புங்க, ஏன்னா பிடிச்சிருந்தா முழு மேனுஸ்கிரிப்டையும் கேப்பாங்க, அந்த நேரத்துல இன்னும் பாதி இருக்குன்னா கையில வந்த வாய்ப்பு போயிடும். நான்ஃபிக்‌ஷனுக்கு பெரும்பாலும் ப்ரொபோசலும், அதாவது புக்கு எதைப் பத்தி, யாருக்குன்னு சொல்ற திட்டமும், சில அத்தியாயமும் போதும்.

இப்ப முக்கியமான இடம், கதையைச் சொல்ற பத்தி. யாரு, அவங்களுக்கு என்ன வேணும், எது தடுக்குது, தோத்தா எதை இழப்பாங்க, இந்த நாலும் வந்தாகணும். நிறைய பேர் "இழப்பையும் நம்பிக்கையையும் பேசும் ஒரு உணர்வுப்பூர்வமான பயணம்"னு எழுதுறாங்க, அது எந்த நாவலுக்கும் பொருந்தும், அதனாலேயே யாருக்கும் மனசுல நிக்காது. அதே கதையை இப்படி எழுதிப் பாருங்க: "செத்துப்போன அக்காவோட சர்டிஃபிகேட்டை வச்சு நர்ஸ் வேலை பாக்குறா மீரா. அக்காவை நல்லா தெரிஞ்ச ஒருத்தர் அவ வார்டுக்கே நினைவில்லாம வந்து சேர்றார். அவர் கண்ணு முழிச்சா இவ ஜெயிலுக்குப் போவா, முழிக்கலைன்னா அதுக்குக் காரணம் இவளாதான் இருப்பா." இங்கேயே நிறுத்திடணும், அவ என்ன பண்ணான்னு சொல்லக்கூடாது, அதைத் தெரிஞ்சுக்கத்தான் அவங்க பக்கத்தைப் புரட்டணும். பாத்திரங்க பேரும் ரெண்டு மூணுக்கு மேல வேண்டாம், கிளைக்கதை எதுவும் வேண்டாம், எழுத்தாளருக்கு அதை விட மனசே வராதுதான், ஆனா விட்டுத்தான் ஆகணும்.

அப்புறம் ஒரு வரியில தலைப்பு, வகை, வார்த்தை எண்ணிக்கை. பெரியவங்களுக்கான முதல் நாவல்னா 80,000ல இருந்து 1,00,000 வரைக்கும் பாதுகாப்பு, ஃபேன்டஸிக்கு கொஞ்சம் கூடுதலா போகலாம். கூடவே உங்க புக்கைப் படிக்கிற அதே வாசகர்கள் படிக்கிற ரெண்டு புக்கைச் சொல்லுங்க, கடைசி மூணுலருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள வந்ததா இருக்கட்டும், கோடிக்கணக்குல வித்ததோட ஒப்பிடாதீங்க. இந்த மாதிரி புக்கே இதுவரைக்கும் வந்ததில்லன்னு மட்டும் எழுதிடாதீங்க, மார்க்கெட்டைப் பாக்கவே இல்லன்னுதான் அதுக்கு அர்த்தம் எடுத்துப்பாங்க.

உங்களைப் பத்தி ரெண்டு வரி போதும். இதுக்கு முன்னாடி எதுவும் வெளிவரலைன்னா பரவாயில்ல, அதுக்கு மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க, கதைக்கு சம்பந்தமான தொழில் அனுபவம் இருந்தா அதைச் சொல்லுங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஏஜென்டோட சைட்லயும் என்ன கேக்குறாங்கன்னு பாருங்க. சிலருக்கு முதல் 5 பக்கம், சிலருக்கு 10, சிலர் க்வெரிமேனேஜர்ங்கிற ஆன்லைன் ஃபார்ம்ல மட்டும்தான் வாங்குவாங்க, அட்டாச்மென்ட் வேண்டாம்னு சொன்னா மெயிலுக்குள்ளயே பேஸ்ட் பண்ணுங்க. ஏஜென்டோட பேரை எழுத்துப் பிழை இல்லாம போடுங்க. ஒரேடியா எல்லாருக்கும் அனுப்பிடாம அஞ்சாறு பேரா அனுப்புங்க, யாருமே பக்கங்கள் கேக்கலைன்னா லெட்டரைத் திருத்திட்டு அடுத்த செட்டுக்குப் போகலாம். பதிலுக்கு மாசக்கணக்குல ஆகலாம், பலர் வேண்டாம்னா பதிலே போட மாட்டாங்க.

படிச்சுப் பாக்க ஃபீஸ் கேக்குறவங்களுக்கு ஒரு பைசா கூட கொடுக்காதீங்க. முறையான ஏஜென்ட் புக்கு வித்த பிறகுதான் கமிஷன் எடுப்பாங்க, உள்நாட்டு விற்பனைக்கு வழக்கமா 15%, வெளிநாட்டு உரிமைக்கு 20%.