பல வருடம் நின்ற பழைய பைக்: கிக் அடிக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

மூடிக் கிடந்த பைக்கைத் தூசி தட்டி வெளியே எடுத்ததும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வரும். ஒரு கிக் அடித்துப் பார்ப்போமே, ஸ்டார்ட் ஆகிறதா என்று. அந்தக் கிக்கைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நல்லபடி ஓடிக்கொண்டிருந்தபோது நிறுத்திய வண்டி என்றால் எஞ்சின் பெரும்பாலும் பிழைத்துத்தான் இருக்கும். அதைக் கெடுப்பது நம் அவசரம். எண்ணெய் வற்றிய சிலிண்டரில் துருவோடு பிஸ்டன் உரசினால் சுவரில் கோடு விழும். டேங்கில் மிச்சமிருந்த பழைய பெட்ரோல் உள்ளே போனால் அதன் பிசின் வால்வுத் தண்டில் ஒட்டி, வால்வு சிக்கிக்கொள்ளும்.

அதனால் இங்கே வேலைகளை வேறு வரிசையில் சொல்கிறேன். ஸ்டார்ட் செய்வது கிட்டத்தட்டக் கடைசியில்தான் வரும். சொல்வதெல்லாம் கார்புரேட்டர் வைத்த, காற்றில் குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியை மனதில் வைத்து. மற்ற வகைகளுக்கு மாறுகிற இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

தேவையானவை அதிகமில்லை: ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், மல்டிமீட்டர், நல்ல டார்ச், கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே, கையுறை, பழைய துணி. உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் கட்டாயம் வேண்டும். காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எதைக் கழற்றினாலும் கழற்றும் முன் மொபைலில் ஒரு படம். இன்னொன்று: வண்டியின் பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று காசு செலவழிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சுற்றிப் பாருங்கள்

சீட்டைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். எலிக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. கூடு இருந்தால் பக்கத்தில் வயரையும் கடித்திருக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் விரலால் அழுத்திப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் புதிது போட வேண்டும். உதிர்ந்த தூள் எஞ்சினுக்குள் போய்விடாமல் பெட்டியைத் துடைத்து எடுங்கள். சைலன்சர் வாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள், குளவி மண்கூடு கட்டியிருக்கலாம்.

பேட்டரி இருந்தால் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றிவிட்டு, அப்புறம் பாசிட்டிவ். வெளியே எடுத்து ஓரமாக வையுங்கள்.

சிலிண்டருக்குள் எண்ணெய்

இதை முதல் நாளே செய்துவிட்டால் மற்ற வேலைகள் நடக்கும்போது எண்ணெய் தானாக ஊறிக்கொண்டிருக்கும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் சுத்தம் செய்யுங்கள்; இல்லாவிட்டால் பிளக்கைக் கழற்றியதும் அத்தனையும் உள்ளே விழும். பிளக் வர மறுத்தால் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். முறுக்கி எடுக்கப் போய் அலுமினிய ஹெட்டின் மரை போய்விட்டால் வேலை பல மடங்காகும்.

பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் 5 முதல் 10 மில்லி எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். துளையை ஒரு சுத்தமான துணியால் மூடிவிட்டு, எஞ்சினைச் சுற்றாமல் அப்படியே விடுங்கள்.

டேங்க்

பெட்ரோல் கெட்டுப்போகும் என்பது பலருக்கு நம்ப முடியாத விஷயம். எளிதில் ஆவியாகும் பகுதிதான் எஞ்சினைப் பற்றவைக்க உதவுகிறது. அது முதலில் பறந்துவிடும். மீதி காற்றோடு சேர்ந்து பிசினாகி, கடைசியில் வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும்; டேங்கின் அடிப்பக்கம் துருப்பிடிப்பது அங்கிருந்துதான்.

எனவே பழைய பெட்ரோலைப் புதிதோடு கலந்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். முழுவதையும் மூடியுள்ள கேனில் வடித்து, ஆபத்தான கழிவை வாங்குகிற இடத்தில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றக் கூடாது.

உள்ளே டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள் (தீப்பெட்டி வெளிச்சத்தில் பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்). லேசான பழுப்பு நிறம் மட்டும் என்றால் பெட்ரோல் காக்கைக் கழற்றி, அந்தத் துளையை அடைத்து, டேங்க் நிறைய வெள்ளை வினிகரோ சிட்ரிக் ஆசிட் கரைசலோ ஊற்றி ஓரிரு நாள் விடலாம். வடித்ததும் தண்ணீரில் அலசி, சமையல் சோடா கரைத்த நீரால் மீதி அமிலத்தைப் போக்கி, மறுபடி அலசுங்கள். இதற்குப் பிறகு தாமதம் கூடாது. அமிலத்தில் சுத்தமான இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கும். உடனே சூடான காற்றில் காயவைத்து, கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சுழற்றி எல்லாப் பக்கமும் பூசிவிடுங்கள். செதில் செதிலாகத் துரு விழுந்தாலோ ஓட்டை தெரிந்தாலோ வேறு டேங்க் தேடுவதுதான் மிச்சம். காலி டேங்க்தானே என்று நீங்களே வெல்டிங் வைக்கப் போகாதீர்கள். உள்ளே தங்கியிருக்கும் ஆவி போதும், வெடிப்பதற்கு.

ரப்பர் ஹோஸை யோசிக்காமல் மாற்றுங்கள். நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் போட்டால், தப்பிய துரு கார்புரேட்டருக்குப் போகாது.

கார்புரேட்டர்

பல வருடம் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுத்துவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஸ்டார்ட் ஆவதற்கும் ஐட்லிங்குக்கும் பெட்ரோல் தருவது பைலட் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கொஞ்சம் பிசின் போதும் அடைபட. வெளியிலிருந்து ஸ்பிரே அடித்தால் இது சரியாகாது, கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஜப்பானிய வண்டியாக இருந்தால் ஸ்க்ரூக்களைக் கவனியுங்கள். பார்க்கச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலத் தெரிந்தாலும் அவை ஜேஐஎஸ் (JIS) என்ற ஜப்பானிய வகை. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். அதற்கான டிரைவர் வாங்குவது வீண் செலவல்ல.

அடிக் கிண்ணத்தைத் திறந்தால் பச்சையாகவோ பழுப்பாகவோ படிந்திருக்கும். ஃப்ளோட், நீடில், மெயின் ஜெட், பைலட் ஜெட் எல்லாவற்றையும் எடுங்கள். காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்பக்கம் முழுக்கத் திருகி, எத்தனை சுற்று போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி பூட்டும்போது அந்தக் கணக்கு வேண்டும். ஓ-ரிங், டயாஃப்ரம் போன்ற ரப்பர் பாகங்களைக் கிளீனரில் போடக் கூடாது, ஊதிப்போகும். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, ஊறவைத்துக் காற்று அடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையால் குத்தலாம். இரும்புக் கம்பி வேண்டாம். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டின் அளவே மாறிப்போகும்.

ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். கார்புரேட்டர் உடம்பிலுள்ள ஒவ்வொரு சிறு பாதையிலும் ஸ்பிரே அடித்து, மறுமுனையில் வெளியே வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், எதிர்பாராத பக்கத்திலிருந்து பீய்ச்சும்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இந்த வேலை இல்லை. அதற்குப் பதில் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இறுகியிருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம்.

பிரேக், டயர்

இதை எஞ்சினுக்கு முன்பே முடித்துவிடச் சொல்வேன். எஞ்சின் சத்தம் கேட்டுவிட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது. தெருமுனை வரை ஒரு ரவுண்டு போகத் தோன்றும், நிற்காத வண்டியில்.

டிஸ்க் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 (DOT 4) என்பது பிரேக் ஆயிலின் ஒரு தர வகை. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் லிவர் பிடிமானமில்லாமல் உள்ளே போகும். நிறம் எப்படி இருந்தாலும் முழுவதையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றும் கிண்ணத்தின் மூடியில் என்ன வகை எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். சிலிகானில் செய்த டாட் 5 மற்றவற்றோடு சேராது. டாட் 4 போன்ற ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் இறுக்கமாகவே சுற்றினால் காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து புது சீல் போடுங்கள். அங்கே சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் வீங்கிவிடும். டிரம் பிரேக்கில் ஷூவின் லைனிங் பசை விட்டுக் கழன்றிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். ஓடும்போது கழன்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருக்கும் தூசியை ஊதக் கூடாது, பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். பிரேக் வேலையில் கைப்பழக்கம் இல்லையென்றால், முடித்ததை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது.

டயரின் பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தையது, பேச்சே வேண்டாம். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். இறுகிப்போன ரப்பர் ஈரச் சாலையில் பிடிக்காது. வெடிப்பு தெரிந்தாலும், பத்து வயது தாண்டினாலும் மாற்றுங்கள். ட்யூபையும் சேர்த்துத்தான்.

செயினைச் சுத்தம் செய்து ஆயில் போடுங்கள், மடங்காமல் விறைத்த கண்ணி இருந்தால் மாற்றுங்கள். கேபிள்களுக்கு எண்ணெய் விடுங்கள். ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டால், ஹேண்டில்பார் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். ஃபோர்க் சீலில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சினைக் கையால் சுற்றுதல்

இதற்குள் சிலிண்டரில் எண்ணெய் ஊறியிருக்கும். பிளக் கழற்றியபடியே, சாவி ஆஃபில், மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் நிம்மதி. நகரவில்லை என்றால் இன்னும் எண்ணெய் விட்டு, சில நாள் காத்திருந்து, முன்னும் பின்னுமாக லேசாக ஆட்டிப் பாருங்கள். கிக்கர் மேல் ஏறி நிற்பது, சுத்தியலால் தட்டுவது, செல்ஃப் போடுவது எதுவும் வேண்டாம். பல நாள் ஊறியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

சுற்றத் தொடங்கியதும் பழைய எஞ்சின் ஆயிலை வடியுங்கள். பால் போலக் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பெட்ரோல் வாடை வந்தால் ஃப்ளோட் நீடில் கசிந்திருக்கிறது. புது ஆயில் ஃபில்டரோடு மேனுவல் சொல்லும் கிரேடு ஆயில் ஊற்றுங்கள். எஞ்சின் ஆயிலிலேயே கிளட்ச் நனையும் வண்டிகளுக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று இருக்க வேண்டும், சில கார் ஆயில்களில் கிளட்ச் வழுக்கும். பிறகு நியூட்ரலுக்கு மாற்றி, துளைமேல் துணி போட்டு மெதுவாகப் பல முறை கிக் அடியுங்கள். மிச்ச எண்ணெய் வெளியேறும், புது ஆயில் மேலே ஏறும். வால்வு இடைவெளியையும் இப்போதே பார்த்துவிடலாம்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் காய்ந்திருக்கலாம். ஆயில் பம்ப் வேலை செய்வது உறுதியாகும் வரை பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்தே ஓட்டுங்கள்.

பேட்டரி, கரண்ட்

12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 முதல் 12.8 காட்டும். சார்ஜ் போட்டும் 10.5-க்கு மேல் ஏறாவிட்டால் புதிது வாங்குங்கள். ரொம்பப் பழைய வண்டி என்றால் 6 வோல்ட்டாக இருக்கலாம், பார்த்து இணையுங்கள்.

புது பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு எஞ்சினைத் தொடும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள், அங்கிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி வரவில்லையா? முதலில் ஹேண்டில்பாரில் எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், காயிலைக் கழற்றிவிட்டு இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய. அப்புறம் ஃப்யூஸ், எர்த் வயர், பச்சை பிடித்த கனெக்டர்கள். பாயின்ட் (பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும், திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய வண்டியில் பாயின்ட் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி சரிசெய்தால் பல சமயம் பொறி வந்துவிடும்.

இப்போது ஸ்டார்ட்

திறந்த வெளிக்கு வாருங்கள். மூடிய இடத்தில் புகையின் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். புது பெட்ரோல் ஒரு லிட்டர் போதும். பெட்ரோல் காக்கைத் திறந்து ஐந்து நிமிடம் கசிவு பாருங்கள். சோக் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிக்.

பற்றியதும் நீலப் புகை கிளம்பும், சிலிண்டரில் விட்ட எண்ணெய்தான் அது. சில நிமிடங்களில் குறைய வேண்டும். ஆயில் லைட் இருந்தால் சில நொடிகளில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே ஆஃப். ஆக்சிலரேட்டரைச் சற்று முறுக்கி 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் போய்விட்டது. நிற்கும் வண்டிக்குக் காற்று படாது, எனவே நீண்ட நேரம் ஐட்லிங்கில் விடாதீர்கள்.

ஓட்டும் முன் ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் கிளட்சைப் பிடித்து வண்டியைத் தள்ளுங்கள். நகராவிட்டால் கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கின்றன. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்து கியர் போட்டால் வண்டி பாய்ந்துவிடும். கிளட்சைப் பிடித்தபடியே முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடுபடும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத சமதளத்தில், நடக்கும் வேகத்தில், பிரேக்கைப் பார்ப்பதற்காக மட்டும். திரும்பி வந்ததும் சக்கர அச்சு, ஹேண்டில்பார், பிரேக் போல்ட்களை மறுபடி இறுக்கிப் பாருங்கள். சக்கர நடுப்பகுதியைத் தொடும் முன் கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்த பிரேக் உரசுகிறது. சில நாள் பக்கத்திலேயே ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று எங்கோ கசிகிறது, அல்லது ஒரு ஜெட் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. 100 அல்லது 200 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலை மறுபடி மாற்றுங்கள். முதல் ஆயில் உள்ளேயிருந்த அழுக்கையெல்லாம் கரைத்து வைத்திருக்கும், வடிக்கும்போதே நிறத்தில் தெரியும்.